பொதிகை: காட்டின் வரலாறும் கணக்கில் வராத சனங்களும்

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது பொதிகை மலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அகத்தியர் வந்தார், தென்றல் வந்தது, சந்தன மரம் வந்தது, புறநானூற்று ஆய் அண்டிரன் வந்தான். பதினாறு பக்கம். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. பல வருசம் கழித்து அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. முனிவர் இருக்கிறார், வள்ளல் இருக்கிறான், காற்றுகூட இருக்கிறது. தலையில் விறகுக்கட்டோடு மலையை விட்டு இறங்கின ஒரு பொம்பளை இல்லை. எழுதினவன் யார் என்று பார்த்தால், விறகு விற்று மகளை வளர்த்த ஒரு கிழவியின் பேரன்.

எங்க ஆச்சி வாயிலிருந்து பொதிகை என்ற சொல்லை நான் கேட்டதே கிடையாது. அவளுக்கு அது "மேக்க". "மேக்க கறுத்துக் கெடக்கு, பொழுது சாயுறதுக்குள்ள ஆத்துல செந்தண்ணி வந்துரும்" என்பாள். நடவுக்குக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்பதை அந்தக் கறுப்பைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அகத்தியரைத் தெரியாது. ஆனால் எந்த ஓடையில் எந்த மாசம் தண்ணி நிற்கும், எந்த மரத்து விறகு புகையாமல் எரியும், மிளா எந்தத் தடத்தில் இறங்கும் என்று தெரியும். இந்த அறிவுக்குப் பெயர் என்ன? எந்தப் பாடத்தில் இது வருகிறது?

இந்தக் கேள்வியோடுதான் பொதிகையின் வரலாற்றைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது.

காடு

முதலில் காட்டைச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஆட்கள் காட்டைப் பற்றி எழுதினால் மரத்துக்கும் மிருகத்துக்கும் எதிராக எழுதுகிறார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அப்படியில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குக் கோடியில், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது அகத்திய மலை. இதன் கிழக்குச் சரிவுதான் நம்ம பக்கம். ஆடியில் தென்மேற்கு மழையும் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழையும் இரண்டுமே இந்தச் சரிவுக்குக் கிடைக்கின்றன. அதனால்தான் இங்கே சோலைக்காடு வருசம் முழுக்கப் பச்சையாக நிற்கிறது. சோலையின் மண் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது. அந்தக் கசிவு ஓடையாகி, காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு என்று பல பேரில் இறங்கித் தாமிரபரணியாகிறது. தமிழ்நாட்டு மலையில் பிறந்து தமிழ்நாட்டுக் கடலிலேயே, புன்னக்காயல் பக்கம் போய்ச் சேருகிற ஆறு. யாரிடமும் கையேந்தாத ஆறு என்று திருநெல்வேலிக்காரர்களுக்குப் பெருமை. அந்தப் பெருமைக்குக் காரணம் மேலே இருக்கிற காடு.

காட்டுக்குள் வெடிப்பலா மரம் இருக்கிறது. பலாவுக்குத் தம்பி மாதிரி முள்ளுக்காய் காய்க்கும். அந்தக் காயை நம்பி வாழ்கிறது சிங்கவால் குரங்கு. கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இது இயற்கையாக வாழவில்லை. பெரும்பாலும் மர உச்சியிலேயே இருக்கும். கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பாதை. நடுவில் காட்டை வெட்டி வெளியாக்கினால் அந்தப் பக்கத்துக் கூட்டம் அந்தப் பக்கம், இந்தப் பக்கத்துக் கூட்டம் இந்தப் பக்கம். உறவறுந்து போகும்.

இருவாச்சி, வரையாடு, யானை, புலி, சிறுத்தை, செந்நாய், கரடி, கருமந்தி எல்லாம் இங்கே உண்டு. முண்டந்துறை 1962-லும், களக்காடு 1976-லும் சரணாலயமாயின. களக்காடு அறிவிக்கப்பட்டதே முக்கியமாகச் சிங்கவால் குரங்குக்காகத்தான். 1988-ல் இரண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இந்தக் காடும் அதில் வந்தது.

இது உலகத்துக்குச் சொத்து என்கிறார்கள். இருக்கட்டும், சந்தோசம். ஆனால் இந்தக் காட்டில் மனுசக் காலடியே படாதது மாதிரி ஒரு படம் வரைகிறார்கள் பாருங்கள், அங்கேதான் வரலாறு பொய்யாகிறது.

செருப்புச் சாமி

காரையாற்றுக் கரையில் சொரிமுத்தையனார் கோயில். ஆடி அமாவாசைக்கு அடிவாரத்துச் சனமெல்லாம் அங்கே போய்க் குடில் போட்டுத் தங்கும். அந்தக் கோயிலில் பட்டவராயன் என்று ஒரு சாமி. அவருக்குக் காணிக்கை பூவும் பழமும் மட்டுமல்ல, தோல் செருப்பு. அடுத்த வருசம் போய்ப் பார்த்தால் அந்தச் செருப்பு தேய்ந்திருக்கும், ராத்திரியில் சாமி அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார் என்பது சனங்களின் நம்பிக்கை.

யார் இந்தப் பட்டவராயன்? முத்துப்பட்டன். பிராமணப் பையன். அண்ணன்மாரோடு மனம் ஒவ்வாமல் வீட்டை விட்டுப் போனவன். இந்தக் காட்டு வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களைப் பார்க்கிறான். காட்டில் மாட்டுக்கிடை காத்துக்கொண்டிருந்த வாலப்பகடை என்ற சக்கிலியரின் மகள்கள் அவர்கள். பெண் கேட்டு வந்த பிராமணனிடம் வாலப்பகடை என்ன சொன்னார்? பூணூலை அறு, குடுமியை எடு, தோல் வேலை கற்றுக்கொள், பிறகு வா என்றார். முத்துப்பட்டன் அப்படியே செய்தான். செருப்புத் தைத்தான். கல்யாணம் முடிந்த கையோடு மாடு திருட வந்த கூட்டத்தோடு சண்டை போட்டுச் செத்தான். பெண்கள் இரண்டு பேரும் தீயில் இறங்கினார்கள்.

இதை வெறும் காதல் கதையாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான் இதைக் காட்டின் வரலாற்று ஆவணமாகப் படிக்கச் சொல்கிறேன். இந்தக் கதைப்பாடலில் அருந்ததியர் காட்டுக்கு அந்நியர் இல்லை. கிடை போடுகிறார்கள், மாடு காக்கிறார்கள், தோல் பதனிடுகிறார்கள், மகள்களைத் தனியாகச் சோறு கொண்டுவர அனுப்புகிற அளவுக்குக் காட்டு வழி பழகினவர்கள். புலி இருக்கிற காட்டில் மனுசர் இருந்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பேர் இருந்திருக்கிறது.

அப்புறம் என்னாச்சு? அந்தப் பேரையும் மாற்றப் பார்த்தார்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள்தான், காட்டில் கிடந்தவர்களைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று கதையில் ஒரு திருப்பம் நுழைந்தது. முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, இது பிற்காலத்தில் புகுத்தப்பட்டது என்று எடுத்துக்காட்டினார். கல்யாணத்தைத் தடுக்க முடியவில்லை, சாமியையும் அழிக்க முடியவில்லை, ஆகவே பெண்ணின் சாதியை மாற்றினார்கள். வரலாற்றிலிருந்து நம்மை எடுக்கிற வேலை இப்படித்தான் நடக்கும். இதே வேலை அப்புறம் வேறு வேறு ஆட்களின் கையால் இதே காட்டில் நடந்தது.

அதே கோயிலில் இன்னொரு காட்சியும் உண்டு. சிங்கம்பட்டி ஜமீன்தார் ஆடி அமாவாசைக்கு ராஜ உடையில் உட்கார்ந்து சனத்துக்குக் காட்சி கொடுப்பார். ஜமீன் ஒழிந்து அறுபது வருசத்துக்கு மேல் ஆன பிறகும் அது நடந்தது. பட்டம் கட்டிய கடைசி ஜமீன்தார் 2020-ல் இறந்துபோனார். பத்திரிகைகள் அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. ஒரு பக்கம் சிம்மாசனம், இன்னொரு பக்கம் வாலப்பகடையின் மருமகனுக்குத் தோல் செருப்பு. காட்டுக்கு யார் உடைமைக்காரர், யார் உழைப்பாளி என்ற வழக்கு ஒரே கோயிலுக்குள் நிற்கிறது.

காணிக்காரர்

எந்தக் கணக்கிலும் முதலில் எழுத வேண்டியது காணிக்காரரைத்தான். காட்டின் ஆதிக்குடி. மலையில் மாறி மாறிக் காடு திருத்தி விதைத்தவர்கள், தேன் எடுத்தவர்கள், ஈத்தை வெட்டி வீடு கட்டியவர்கள். இன்றும் காரையாறு, சேர்வலாறு, மயிலாறு பக்கம் இருக்கிறார்கள். இஞ்சிக்குழிக்காரர்கள் அணைத் தண்ணியைத் தாண்டி, மலை ஏறிப் போக வேண்டும்.

1987-ல் இந்த மலையின் கேரளப் பக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் வழிகாட்டிகளாகக் காணிக்காரரைக் கூட்டிப் போனார்கள். படித்தவர்களுக்கு மூச்சு வாங்குகிறது, காணிக்காரர் களைக்காமல் நடக்கிறார்கள். ஏதோ ஒரு பச்சைக் காயைத் தின்றுகொண்டே போகிறார்கள். கேட்டால் முதலில் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. காணிகளுக்கும் ஒரு பங்கு என்று அறக்கட்டளை அமைத்தார்கள். உலகமெல்லாம் இதை உதாரணமாகக் காட்டியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், காணிக்காரருக்கு அறிவு இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள, அந்த அறிவு விற்பனைக்கு வர வேண்டியிருந்தது. எங்க ஆச்சியின் விறகு அறிவு எந்தக் குப்பியிலும் அடைபடவில்லை. அதனால் அது அறிவு ஆகவில்லை.

தொண்ணூற்றொன்பது வருசக் குத்தகை

சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் தன் மலையில் 8,373 ஏக்கரை பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் கம்பெனிக்கு 99 வருசக் குத்தகைக்குக் கொடுத்தது. இந்தக் கம்பெனி சாமானியப்பட்டது இல்லை. 1863-ல் தொடங்கிய வெள்ளைக்காரக் கம்பெனி. பர்மாவில் தேக்கு வெட்டினது. 1885-ல் பர்மிய அரசு, கணக்கை மறைத்துத் தேக்கு கடத்தினதாக இதற்கு அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்துத்தான் வெள்ளைக்காரன் மூன்றாவது பர்மியப் போரை நடத்தி மாண்டலேயைப் பிடித்தான். ஒரு மரக் கம்பெனிக்காக ஒரு ராஜ்ஜியம் போனது. அந்தக் கம்பெனிதான் மாஞ்சோலைக்கு வந்தது.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. இன்றைக்கு வடகிழக்குப் பருவமழை வந்தால் வானிலைச் செய்தியில் நாலுமுக்கு, ஊத்து பேர்தான் முதலில் வரும். அவ்வளவு மழை. அந்த மழையில் நின்று சோலையை வெட்டித் தேயிலை வைத்தது யார்? கம்பெனி வைத்தது என்று எழுதுகிறார்கள். கம்பெனிக்குக் கை உண்டா? சமவெளியில் பண்ணையாரிடம் கூலிக்குக் கிடந்த சனம், பெரும்பாலும் தலித்துகள், மலை ஏறினார்கள். கூலி கொஞ்சம் கூட, கீழ்ச்சாதி என்று தெருவில் செருப்பைக் கழற்றச் சொல்ல அங்கே ஆளில்லை என்ற ஆசை. மேலே போனால் கங்காணி, லைன் வீடு, அட்டைக்கடி, அடைமழை. காலில் அட்டை ஏறாமலிருக்கப் புகையிலையும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு கொழுந்து பறித்தார்கள் பெண்கள். வீடு கம்பெனி வீடு. வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. ஓய்வு பெற்றால் காலி பண்ண வேண்டும். ஆகவே வீட்டில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் தேயிலைக்குப் பேர் கொடுத்தார்கள். நாலு தலைமுறை இப்படி.

1952-ல் ஜமீன் ஒழிந்தது. நிலம் அரசுக்கு வந்தது. குத்தகை மட்டும் ஒழியவில்லை. நிலச்சீர்திருத்தம் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். மாஞ்சோலையில் ஜமீன் போய் அரசு வந்ததே தவிர, கொழுந்து பறித்தவளுக்கு ஒரு சென்ட் வரவில்லை.

இதில் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சோலையை வெட்டினதில் சிங்கவால் குரங்கின் பாதை அறுந்தது. வெட்டின கை நம்ம சனத்தின் கை. சொன்ன வாய் வேறு, லாபம் எடுத்த பை வேறு. ஆனால் கோடாலி பிடித்தது நாம். இதை ஒத்துக்கொண்டுதான் மேற்கொண்டு பேச வேண்டும்.

கணக்கு எடுத்தவர்கள்

1970-களில் ஸ்டீவன் கிரீன், காரன் மின்கோவ்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர்கள் இந்தக் காடுகளில் சிங்கவால் குரங்கின் பின்னால் அலைந்து ஆராய்ந்தார்கள். குரங்குக்கு எவ்வளவு காடு வேண்டும், என்ன தின்னும், எங்கே உறங்கும் என்று எழுதினார்கள். நல்ல வேலை. அந்த ஆராய்ச்சி இல்லாவிட்டால் காடு இந்த மட்டும்கூட மிஞ்சியிருக்காது.

காப்பகம் வந்ததும் அடிவாரத்துச் சனம் குற்றவாளி ஆனது. விறகு எடுத்தால் வழக்கு, மாடு மேய்த்தால் வழக்கு. 1990-களில் உலக வங்கிப் பணத்தில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அடிவாரக் கிராமங்களில் வனக்குழு அமைத்து, சிறுகடன் கொடுத்து, மாற்று எரிபொருளுக்கு வழி சொன்னார்கள். விறகுக்கட்டு குறைந்தது என்றார்கள். குறைந்தது உண்மைதான். எங்க ஊர்ப் பொம்பளைகளும் மலையேறுவதை விட்டார்கள், முழங்காலுக்கு நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். தலைச்சுமை விறகை எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, எட்டாயிரம் ஏக்கர் குத்தகை ஏன் அவ்வளவு காலம் கண்ணில் படவில்லை? விறகு பொறுக்கினவள் திருடி. காட்டை வழித்தவன் குத்தகைதாரர்.

ஆற்றில் விழுந்த கணக்கு

1998-லும் 1999-லும் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். நாள் கூலி நூறு ரூபாயைத் தொடாத காலம். 600-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துத் திருச்சிச் சிறையில் போட்டார்கள், பெண்களையும் சேர்த்து. அவர்களை விடச் சொல்லி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனது. கொக்கிரகுளத்தில், ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் தடியடி. சனம் ஆற்றுக்குள் ஓடியது. 17 பேர் செத்தார்கள். அதில் பெண்களும் உண்டு, இரண்டு வயதுகூட நிரம்பாத பிள்ளையும் உண்டு.

விசாரணை ஆணையம் போட்டார்கள். பெரும்பாலோர் தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றது நீதிபதி மோகன் ஆணையம். சரி. கூலி கேட்டு வந்த சனம் எதற்கு ஆற்றில் இறங்கும்? குளிக்கவா?

அது தாமிரபரணி. மாஞ்சோலை மழையைச் சுமந்து வருகிற ஆறு. மேலே எந்தத் தண்ணியில் நனைந்துகொண்டு கொழுந்து பறித்தார்களோ அதே தண்ணி. ஆற்றின் வரலாற்றை எழுதுகிறவர்கள் படித்துறைகளை எழுதுகிறார்கள், கல்வெட்டுகளை எழுதுகிறார்கள், பாபநாசத்தில் பாவம் கழிவதை எழுதுகிறார்கள். இந்தப் பதினேழு பேரையும் ஆற்றின் வரலாற்றில் எழுத வேண்டும்.

யானைக்கு ஒரு வீடு

2018-ல் அரசு இந்த மலைநிலத்தைக் காப்புக்காடாக அறிவித்தது. குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்னாலேயே, 2024-ல் கம்பெனி வேலையை நிறுத்தி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பி, வீட்டைக் காலி பண்ணச் சொன்னது. தேயிலைத் தோட்டத்தை அரசுக் கழகமே எடுத்து நடத்தட்டும், எங்களை மலையிலேயே விடுங்கள் என்று சனம் நீதிமன்றம் போனது. 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதற்கு இசையவில்லை. காடு காடாகத் திரும்ப வேண்டும் என்ற பக்கம்தான் தீர்ப்பு நின்றது.

இதற்கு ஒரு வருசம் முன்னால் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2023-ல் கேரளத்துச் சின்னக்கானலிலிருந்து பெயர்த்து விடப்பட்ட அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள் வந்தது. அதை மயக்கி, லாரியில் ஏற்றி, கழுத்தில் ஏற்கெனவே மாட்டியிருந்த ரேடியோ கருவியோடு இந்தக் காப்பகத்தில் மேல்கோதையாற்றில் விட்டார்கள். எங்கே நிற்கிறது, என்ன தின்கிறது என்று செய்தி வந்தது. கொஞ்ச நாளில் மாஞ்சோலைத் தோட்டப் பக்கமே வந்து நின்றது. யானைக்கு ஒரு வீடு தேடிக் கொடுத்தார்களே, அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இடம் பெயர்க்கப்பட்ட சீவன் என்ன ஆனது என்று தினம் பார்க்க வேண்டும் என்ற அந்த அக்கறை சரியானது. அந்த அக்கறையை நாலு தலைமுறை தேயிலைச் சனத்துக்கும் காட்டச் சொல்கிறேன்.

2006-ன் வன உரிமைச் சட்டம், பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 2005 டிசம்பருக்கு முன்னால் 75 வருசம் காட்டில் இருந்து, காட்டை நம்பிப் பிழைத்திருக்க வேண்டும் என்கிறது. 1929-லிருந்து எண்ணினால் 76 வருகிறது. எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கூலிக்குக் கொழுந்து பறித்தவள் காட்டை நம்பிப் பிழைத்தவளா என்று கேட்டால் சட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஜமீனுக்குக் காடு சொத்து, கம்பெனிக்குக் குத்தகை, அரசுக்குக் காப்பகம், காணிக்காரருக்குப் பிறந்த இடம். இவளுக்கு மட்டும் அது என்ன? அந்த உறவுக்கு இன்னும் ஒரு சொல் இல்லை.

என்ன எழுத வேண்டும்

மாஞ்சோலை சோலையாகத் திரும்பட்டும். வெடிப்பலா முளைக்கட்டும், அறுந்த கிளைகள் ஒன்றையொன்று தொடட்டும், குரங்கு தன் உறவைத் தேடிப் போகட்டும். அந்தக் காடு இல்லாவிட்டால் ஆறு இல்லை, ஆறு இல்லாவிட்டால் கீழே நடவு இல்லை. நடவு நடுகிறவர்களும் நாம்தான்.

ஆனால் இறங்கி வருகிற சனத்துக்கு வெறும் வீட்டுச் சாவி போதாது. கீழே நிலம் வேண்டும். பழைய பண்ணையார் வயலுக்கே மறுபடி கூலிக்குப் போனால், கொள்ளுத்தாத்தா ஏறின காரணம் அப்படியே நிற்கிறது என்றுதான் அர்த்தம். வெட்டின காட்டைத் திரும்ப வளர்க்கிற வேலையிலும் அவர்களுக்கே முதல் உரிமை வேண்டும். எந்தச் சரிவில் எந்த ஓடை, எங்கே மண் சரியும், எங்கே யானை கடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் எழுத்து. காட்டின் வரலாற்றை எழுதுகிற புத்தகத்திலும், பயணிகளுக்கு வைக்கிற பலகையிலும், புலி, யானை, இருவாச்சிக்குக் கீழே இவர்களையும் எழுத வேண்டும். காணிக்காரர், வாலப்பகடை, விறகு சுமந்தவள், கொழுந்து பறித்தவள், ஆற்றில் செத்தவர்.

நான் அந்தப் பதினாறு பக்கக் கட்டுரையைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆச்சி செத்துப் பதினோரு வருசமாகிறது. வெறுங்காலோடு மலை ஏறினவள், செருப்பு என்று ஒன்று அவளுக்குக் கடைசி வரை இல்லை. போன ஆடியில் பட்டவராயன் சன்னதியில் அவள் பேரைச் சொல்லி ஒரு ஜோடி தோல் செருப்புக் கட்டிவிட்டு வந்தேன். வேண்டுதல் எதுவும் இல்லை. அவளும் ராத்திரியில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரட்டும்.